பிரேக் பிடிக்காத வண்டி

அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்துங்கள், தம்பி. படம் பார்ப்பதென்றால் பாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. சத்தம் மட்டும் வேண்டாம். இந்த வைத்தியசாலைக்கு வருகிறவன் எல்லாம் எலும்பு முறிந்து வருகிறான். அவன் காதில் போய் மோட்டார் சைக்கிள் சத்தத்தை ஊற்றலாமா?

என்ன வண்டி, காட்டுங்கள். நினைத்தேன். பச்சை டாங்க், அதில் தங்க நிறத்தில் ஒரு கோடு, உருண்டை விளக்கு. பார்த்தால் ஏதோ பழைய தாசில்தார் ஜமாபந்திக்குப் போய்விட்டு வந்து நிறுத்தின வண்டி மாதிரி இருக்கும். செய்தது என்னவோ போன வருஷம். வாங்கப் போகிறீர்களா? விலைக்குத் தகுமா என்று அந்த வீடியோக்காரனிடம் கேட்கிறீர்களாக்கும். அவன் என்ன சொல்வான்? ஓசியில் கொடுத்த வண்டியில் ஊர் சுற்றுகிறவன் தகாது என்றா சொல்வான்? என்னிடம் கேளுங்கள். இந்தக் காலைப் பாருங்கள். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, துணி சுற்றி, அதன்மேல் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருக்கிறார். தெரு நாய்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் போகிறது. இது அந்த வண்டி கொடுத்த பரிசு.

வைத்தியர் உள்ளே யாருக்கோ கட்டுப் போடுகிறார். நேரம் ஆகும். உங்களுக்குக் கை சுளுக்குத்தானே? அப்படியானால் எனக்குப் பிறகுதான் கூப்பிடுவார். கேளுங்கள்.

நான் விவரம் தெரியாமல் பேசுகிற ஆள் இல்லை. இன்சூரன்ஸ் சர்வேயர். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், இந்தப் பக்கத்தில் எங்கே வண்டி மோதினாலும் சிவசைலத்தைக் கூப்பிடு என்பார்கள். நசுங்கின வண்டியைப் பார்த்து இது இவ்வளவு பெறும், இது பெறாது என்று சொல்வதுதான் என் பிழைப்பு. எத்தனை வண்டி பார்த்திருப்பேன்! மோதினவன் ஒவ்வொருவனும் ஒரே பாட்டைத்தான் பாடுவான். "பிரேக் பிடிக்கலை சார்." குடித்தவனும் அதைத்தான் சொல்வான், தூங்கினவனும் அதைத்தான் சொல்வான், போனில் பேசிக்கொண்டு போனவனும் அதைத்தான் சொல்வான். நான் ஒருத்தனையும் நம்பினது கிடையாது. "பிரேக் பிடிச்சிருக்கும். நீ மிதிச்சிருக்க மாட்டே" என்பேன். முகம் செத்துப்போகும் அவனுக்கு. அந்த முகத்தைப் பார்த்தே கணக்கை முடித்துவிடலாம்.

ஆனால் பாருங்கள், உண்மையிலேயே பிரேக் பிடிக்காத வண்டியும் உலகத்தில் இருக்கத்தான் செய்கிறது. அதில் ஏற வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது.

வண்டி என் மச்சினனுடையது. என் சம்சாரம் உலகம்மைக்குத் தம்பி. குற்றாலநாதன் என்று பெயர், குற்றாலம் என்று கூப்பிடுவோம். கூட்டுறவு வங்கியில் வேலை. ஐம்பது வயதாகிறது. முடிக்குச் சாயம், முழங்காலுக்குத் தைலம். இவன் போன சித்திரையில் ரெண்டரை லட்சத்தைக் கொண்டுபோய்க் கொட்டி இந்த வேஷக்காரனை வாங்கி வந்தான். வேஷக்காரன்தான், வேறென்ன? பேரன் தாத்தாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு மாறுவேடப் போட்டிக்கு வந்த மாதிரி. உள்ளே எல்லாம் கம்ப்யூட்டர். சத்தம் மட்டும் அந்தக் காலத்துச் சத்தம். அதையும் ஆபீஸில் ஆள் உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறான். நிற்கிற இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகவில்லை. எண்ணெய் ஒழுகாத அந்தக் காலத்து வண்டியை யாராவது பார்த்திருக்கிறீர்களா? அடியில் ஒரு பழைய தட்டு வைக்காமல் அதை நிறுத்த முடியாது.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அசல் என்னிடம் இருந்தது, தம்பி. அசல்.

என் மாமனார் ரெவின்யூ இன்ஸ்பெக்டர். அவர் வைத்திருந்த வண்டி. இதே பச்சை, இதே கோடு. எனக்குப் பெண் கொடுத்தபோது அவரிடம் வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. மாப்பிள்ளைக்கு வண்டி வேண்டும் என்று எங்கள் வீட்டில் கேட்டார்கள். நான் கேட்கவில்லை, வீட்டில் கேட்டார்கள். மனுஷன் கல்யாணத்துக்கு மறுநாள் சாவியை ஒரு வெற்றிலையில் வைத்து என் கையில் கொடுத்தார். அன்றைக்குக் குற்றாலம் அரைக்கால் சட்டைப் பையன். அந்த வண்டிக்கு ஆயுத பூஜை அன்றைக்குச் சந்தனம் வைக்கிறது அவன் வேலை. தேங்காய் எண்ணெய் போட்டு மினுக்குவதும் அவன்தான். நான் வண்டியை எடுக்கும்போது படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதே அவன் கொஞ்சம் மந்தம்.

அந்த வண்டியை எழுப்புவதே ஒரு பூஜை. கைப்பிடிக்குக் கீழே சின்ன நெம்புகோல் ஒன்று இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெள்ள அழுத்த வேண்டும். விளக்குக்கு மேலே ஒரு முள் இருக்கும், அது நடுவுக்கு வரும். வந்ததும் விட்டுவிட்டு ஒரே மிதி. தப்பாக மிதித்தால் கிக்கர் திரும்பி வந்து முழங்காலைப் பேர்த்துவிடும். மாமாதான் சொல்லிக் கொடுத்தார். அப்புறம் அந்த வண்டியில் எல்லாமே தலைகீழ். வலது காலில் கியர். இடது காலில் பிரேக். இப்போது வருகிற வண்டியெல்லாம் இடதில் கியர், வலதில் பிரேக் அல்லவா? அதில் மாறி இருக்கும். பழகிவிட்டால் அது பாட்டுக்குக் கால் போய்விடும். முன் பிரேக்கைத் தொடவே கூடாது என்பார் மாமா. "மாப்ளே, கையால பிடிச்சா குப்புற விழுவீங்க. காலை நம்புங்க." உலகம்மையைப் பின்னால் வைத்துக்கொண்டு பாவநாசம் வரைக்கும் போவேன். ஒரு நாள் விழுந்ததில்லை.

அதெல்லாம் சரி. ஆனால் என்ன பிரயோஜனம்? லிட்டருக்கு எவ்வளவு ஓடும்? சாமான் கிடைக்காது. மழை பெய்தால் எழும்பாது. ஒரு கட்டத்தில் எனக்கு வெறுத்துவிட்டது. தென்காசியில் ஒரு இரும்புக் கடைக்காரரைக் கூப்பிட்டு எடைக்குப் போட்டுவிட்டேன். வீட்டில் உலகம்மை ரெண்டு நாள் சோறு போடும்போது பேசவில்லை. குற்றாலம் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். தள்ளுவண்டியில் ஏற்றுகிற நேரத்துக்குச் சரியாக வந்தான், யார் சொன்னார்களோ தெரியவில்லை. "அத்தான், பெட்ரோல் மூடியை மட்டும் நான் எடுத்துக்கிடட்டுமா?" என்றான். எடுத்துக்கொள், எடையில் என்ன குறைந்துவிடப்போகிறது என்றேன். நான் எப்போதும் தாராளம்தான். அதை இன்னும் வைத்திருக்கிறானாம், பூஜை அலமாரியில். ஒரு பெட்ரோல் மூடியை! இவனுக்கு வங்கியில் எப்படிப் பதவி உயர்வு கொடுத்தார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

இப்படி ஒரு அசலை வைத்திருந்து, அனுபவித்து, வேண்டாமென்று தூக்கிப்போட்டவன் நான். அந்த அசலின் நகலுக்கு இவன் ரெண்டரை லட்சம் கொடுக்கிறான். எதற்காகக் கொடுக்கிறான்? நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். தூக்கம் வராமல்கூட யோசித்திருக்கிறேன். விளங்கவே இல்லை. கொழுப்பு, அவ்வளவுதான் காரணம்.

வண்டியை வாங்கினதும் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தான். உலகம்மை வாசலுக்கு வந்தாள். வந்தவள் டாங்கில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். என் மகள் குழலி, குழல்வாய்மொழி, பெயர் வைத்ததும் இவன்தான், அவள் மாமா மாமா என்று குதித்தாள். ஏறி ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க அத்தான் என்றான். எனக்கு வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விட்டேன். அதற்குப் பிறகு வருகிறபோதெல்லாம் இதே பேச்சு. ஒரு ரவுண்டு அத்தான், ஒரு ரவுண்டு அத்தான். கடன் கேட்கிறவன்கூட இத்தனை தடவை கேட்கமாட்டான்.

ஆனியில் சாரல் கட்டி அடித்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம். குளித்து, சாப்பிட்டு, ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்கும்போது பேச்சு மறுபடியும் அந்த வண்டிக்கு வந்தது. ஓட்டிப் பார்க்காமலே குறை சொன்னால் எப்படி அப்பா என்று குழலி கேட்டாள். அது நியாயமான கேள்வி. சர்வேயருக்கு அது அழகில்லை. சாவியைக் கொடு, பத்தே நிமிஷத்தில் இந்த வண்டியின் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன். கொடுத்தான். கொடுக்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவனுக்குத்தான் யாரோ வண்டி கொடுத்த மாதிரி.

பொத்தானை அமுக்கினால் எழும்பிவிடுகிறது. முள்ளும் இல்லை, மிதியும் இல்லை. சீ என்றாகிவிட்டது எனக்கு. இடது காலில் கியர் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கவனமாகத்தான் எடுத்தேன். வளைவு வரைக்கும் போய்த் திரும்புவதாகத்தான் உத்தேசம். திரும்ப வசதியாக இடம் கிடைக்கவில்லை. சரி, அடுத்த வளைவில் திரும்பலாம் என்று போனேன். அங்கேயும் ஒரு வேன் நின்றது. அப்படியே பழைய குற்றாலம் அருவிப் பக்கம் போய்விட்டேன். சாரல் முகத்தில் அடித்தது, கண்ணெல்லாம் தண்ணீர். சாரலில் வண்டி ஓட்டினால் கண்ணில் தண்ணீர் வரத்தான் செய்யும். அந்தச் சத்தத்தில் ஒன்றுமே இல்லை, தம்பி. அது மரங்களில் பட்டுத் திரும்பி வரும், அவ்வளவுதான். பின் ஸீட்டில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு பாரம் தெரியும். அதுவும் தயாரிப்புக் கோளாறாகத்தான் இருக்க வேண்டும்.

திரும்பி வரும்போது ஒரு இறக்கம். ஓரத்தில் ரம்புட்டான், மங்குஸ்தான் குவித்து வைத்திருக்கிற பழக்கடைகள். ஒரு குடும்பம் தலை துவட்டாமல் குறுக்கே வந்தது. நான் பிரேக்கை மிதித்தேன். நன்றாக, ஏறி மிதித்தேன். வண்டி ஒரு உறுமு உறுமியதே தவிர நிற்கவில்லை. மறுபடியும் மிதித்தேன். மறுபடியும் உறுமியது. அந்தக் குடும்பத்தைத் தப்பவிட்டு வண்டியை ஒடித்ததில் நேரே பழக்கடைக்குள் போய்விட்டேன். வலது காலின் மேல் வண்டி, வண்டிக்கு மேல் தார்பாய், ரோடு பூராவும் மங்குஸ்தான். கடைக்கார அம்மா வந்து குனிந்து பார்த்தாள். "ஏ பெரியவரே, ரெண்டு காலு இருக்குல்லா? ஒண்ணுகூடவா பிரேக்குக்குப் போகலை?" என்றாள். நான் படித்தவன், அவளோடு வாய் கொடுக்கவில்லை.

குற்றாலம் ஓடி வந்தான். ஒன்று சொல்ல வேண்டும், அவன் வண்டியைப் பார்க்கவில்லை. என் காலைத்தான் பிடித்தான். அவன்தான் இந்த வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு வந்து போட்டான். அதையெல்லாம் நான் இல்லையென்று சொல்லமாட்டேன்.

பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னேன். எல்லோரிடமும் சொன்னேன். ஷோரூமிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து பார்த்தான். பிரேக் சுத்தமாக இருக்கிறது என்றுவிட்டு என்னிடம் வந்து, சார், எந்தக் காலால மிதிச்சீங்க என்று கேட்கிறான். யாரிடம் கேட்கிறான் பாருங்கள்! இருபது வருஷத்துக்கு மேல் நான் ஓட்டுகிற வண்டி, இப்போது என் வீட்டில் நிற்கிறதே, அது வலது கால் பிரேக்தான். ஒரு நாள் கால் மாறினது கிடையாது. அதில் மாறாத கால் இதில் மட்டும் எப்படி மாறும்? நீங்களே சொல்லுங்கள். ரெண்டும் ஒரே அமைப்பு. இதில் மாற என்ன இருக்கிறது?

சண்டை அதற்கு மேல்தான். குழலிக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயம் செய்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பார்க்க வந்தார்கள். சம்பந்தி, சம்பந்தியம்மாள், இன்னும் ரெண்டு பேர். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார்கள். நான் கட்டிலில் காலை நீட்டியபடி பிரேக் விஷயத்தை விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். குற்றாலம் காபி எடுத்து வந்தான். மெக்கானிக் சொன்னதைக் கேட்டதிலிருந்து அவன் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காபியை வைத்துவிட்டு, அவ்வளவு பேர் முன்னால் சொல்கிறான்: "அத்தான், ரெண்டரை லட்சம் குடுத்தது இப்பதான் எனக்குச் செமிச்சுது. உங்க காலு எங்கப்பா வண்டின்னுல்லா நெனச்சுட்டு."

சம்பந்தி சிரித்தார். சம்பந்தியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் சம்சாரம், அவள் சிரிக்கவில்லை. அவள் அழுதாள். எதற்கு அழுதாள் என்று இன்றைக்கும் தெரியாது.

வண்டிக்கு முன்பக்கம் நசுங்கியது, விளக்கு உடைந்தது, கால் முறிந்த ஆள் கட்டிலில் கிடக்கிறான், இவன் காசு செமித்ததாம். எனக்குச் சுருக்கென்றது. குறையுள்ள வண்டியைக் கொடுத்து என்னைக் கொல்லப் பார்த்தவன் என் வீட்டுக் கல்யாணத்துக்கு வர வேண்டாம் என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னேன். குற்றாலம் காபி டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தான். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு போனான். வண்டியைச் செப்பனிட்டுக் கொண்டுவந்திருந்தான். அதை ஸ்டார்ட் பண்ணாமல் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனான். என் காதில் அந்தச் சத்தம் விழக்கூடாதாம். எவ்வளவு திமிர் பாருங்கள்.

அன்றைக்குப் போனவன்தான்.

தாய்மாமன் இல்லாமல் எங்களில் கல்யாணம் கிடையாது. பந்தக்கால் ஊன்றும்போது அவன் கை வைக்க வேண்டும். மாமன் மாலை போட்டு, மாமன் கையைப் பிடித்துத்தான் பெண் மணமேடைக்கு வருவாள். ஒன்றுவிட்ட மச்சினன் ஒருத்தன் கடையத்தில் இருக்கிறான், அவனைக் கூப்பிடலாம் என்றேன். குழலி என்ன சொன்னாள் தெரியுமா? "மாமா வராம நான் மேடை ஏற மாட்டேன். வந்தவங்களுக்குச் சோத்தைப் போட்டு அனுப்பிருங்க." சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். பத்திரிகை அடித்தாகிவிட்டது. சமையலுக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. உலகம்மை வேளாவேளைக்கு மருந்தைக் கொடுக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள், கண்ணைப் பார்ப்பதில்லை. ஒரே ஒரு தடவை பேசினாள். "தப்பா மிதிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை போன்ல சொன்னா உங்க குரவளையா அறுந்துரும்?"

அறாது. ஆனால் நடக்காத ஒன்றை எப்படிச் சொல்வது? நான் பொய் சொல்கிறவன் இல்லையே. என் மேல் பிழை இருக்குமோ என்று நானும் எத்தனையோ விதமாகப் புரட்டிப் பார்த்தேன். படுத்துக் கிடக்கிறவனுக்கு வேறென்ன வேலை? வேகமாகப் போனேனோ? இல்லை. கவனம் சிதறியதோ? இல்லை. அந்த நிமிஷத்தில் மனதில் என்ன ஓடியது என்றுகூட நினைவுபடுத்திப் பார்த்தேன். மாமா குரல்தான். காலை நம்புங்க மாப்ளே. நம்பித்தான் மிதித்தேன். அதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும்? எப்படிக் கூட்டிக் கழித்தாலும் அந்த வண்டியில்தான் கோளாறு. அதை அவன் ஒத்துக்கொண்டால் போதும், நானே போய் அழைத்து வந்துவிடுவேன்.

ஆக, விலைக்குத் தகுமா என்று கேட்டீர்களே? தகாது. பாதி விலைக்குக்கூடத் தகாது. அந்தக் காசுக்கு நல்லதாக ரெண்டு வண்டி...

இதோ, வைத்தியரே வெளியில் வந்துவிட்டார். வாருங்கள் வைத்தியரே. இங்கேயே அவிழ்க்கிறீர்களா? சரி, உள்ளே கட்டில் காலியில்லை போலிருக்கிறது. மெள்ள. மெள்ள. பத்தையை எடுத்ததும் காற்றுப் படுகிறது, சுகமாக இருக்கிறது. வீக்கம் வடிந்திருக்கிறதா? நல்லது.

தம்பி, கை பட்டு மறுபடியும் வீடியோ ஓடுகிறது பாருங்கள். அந்தச் சத்தம்.

என்ன வைத்தியரே? கால் எலும்புக்கு வலு வந்திருக்கிறதா பார்க்க வேண்டுமா? பிரேக் மிதிக்கிற மாதிரி ஒரு மிதி மிதிக்க வேண்டுமா? அதற்கென்ன, இதோ.

என்ன, எல்லோரும் அங்கே பார்க்கிறீர்கள்?

இடது காலா? அது சும்மா ஆடியது. அந்தக் காலில்தான் ஒன்றும் இல்லையே, ஆடாமல் என்ன செய்யும்? வைத்தியரே, போன தடவையும் இப்படித்தான் என்று சொல்ல வேண்டிய அவசியமில்லை. போன தடவை வேறு. வலது கால் வலிக்கிறதே என்று இடது கால் முந்திக்கொண்டது. தம்பி, அந்த வீடியோவை அணைக்கச் சொன்னேனே உங்களை.

இல்லை. அணைக்க வேண்டாம். விடுங்கள். ஓடட்டும்.

ஒன்று கேட்டால் தப்பாக நினைக்க மாட்டீர்களே? உங்களுக்கு இலஞ்சி என்றுதானே வைத்தியரிடம் சொன்னீர்கள்? குற்றாலம் வீடும் இலஞ்சிதான். குமாரர் கோயிலுக்கு அடுத்த தெரு, நீல நிற இரும்புக் கதவு. உள்ளே அந்த வண்டி நிற்கும், தப்பவே விட முடியாது. இப்போது பார்த்தீர்களே, இதை நீங்கள் அவனிடம் சொல்லக் கூடாது. சொன்னால் அவன் அந்த நிமிஷமே வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். கல்யாணத்துக்கு அந்தச் சத்தத்தோடுதான் வந்து இறங்குவான். அதனால் சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் வண்டி வாங்கப் போகிற ஆள். ஓட்டுகிறவனிடம் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு வாங்குவதுதான் புத்தி. போன இடத்தில் பேச்சுவாக்கில் உங்கள் வாயிலிருந்து ஏதாவது வந்துவிட்டால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

போவதானால் வெள்ளிக்கிழமைக்குள் போங்கள். சனிக்கிழமை காலையில் பந்தக்கால்.